மாலோனைல் கோ-ஏ: கட்டுமானப் பொருளும் கட்டளையும்

கொழுப்பு அமிலத் தொகுப்பில் 'வேகத்தைத் தீர்மானிக்கும் நொதி' என்று அசெட்டைல் கோ-ஏ கார்பாக்சிலேஸை ஒரே வரியில் அறிமுகம் செய்துவிட்டுப் பாடநூல்கள் கடந்துபோகின்றன. அது தவறில்லை, ஆனால் பாதி உண்மைதான். அந்நொதி உருவாக்கும் மாலோனைல் கோ-ஏ, கொழுப்புக்கான மூலப்பொருள் மட்டுமன்று. கொழுப்பை எரிக்காதே என்று செல்லுக்கு இடப்படும் கட்டளையும் அதுவே. உணவில் வரும் இன்றியமையாக் கொழுப்பு அமிலங்களை நீட்டுவதற்கும் அதுவே தேவை. இந்த மூன்று பணிகளையும் ஒருசேரக் கருதாமல், குழாயைத் திருகி அடைப்பதுபோல இந்நொதியை மருந்தால் தடுத்துவிடலாம் என்ற எண்ணம் பிழையானது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கொழுப்பு அமிலச் சிதைவின் படிகளைத் திருப்பிப் போட்டால் தொகுப்பு கிடைத்துவிடும் என்பதே 1950களின் நடுப்பகுதி வரை பரவலாக நிலவிய கருத்து. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சாலி வாக்கிலும் உடன் உழைத்தவர்களும் புறாக் கல்லீரல் சாற்றில் செய்த சோதனைகள் அதைக் குலைத்தன. பைகார்பனேட் சேர்க்காவிட்டால் தொகுப்பு நடக்கவில்லை. ஆனால் கதிரியக்கக் கார்பன் கொண்ட பைகார்பனேட்டைச் சேர்த்தபோது, உருவான பால்மிட்டிக் அமிலத்தில் அந்தக் கார்பன் காணப்படவில்லை. இன்றியமையாத பொருள் விளைபொருளில் தடயம் இல்லாமல் மறைந்தது எப்படி? 1958இல் விடை கிடைத்தது. பையோட்டினைத் தாங்கிய ஒரு நொதி, ஏடிபியைச் செலவிட்டு, பைகார்பனேட்டின் கார்பனை அசெட்டைல் கோ-ஏயுடன் இணைத்து மாலோனைல் கோ-ஏ ஆக்குகிறது. அடுத்த படியில் கொழுப்பு அமில சிந்தேஸ் நொதி சங்கிலியை நீட்டும்போது அதே கார்பன் கார்பன் டைஆக்சைடாக வெளியேறிவிடுகிறது. 16 கார்பன் கொண்ட ஒரு பால்மிட்டிக் அமிலத்துக்கு ஓர் அசெட்டைல் கோ-ஏயும் ஏழு மாலோனைல் கோ-ஏயும் வேண்டும். தொகுப்புக்கும் சிதைவுக்கும் தனித்தனிப் பாதைகள் உண்டு என்பது இப்படித்தான் உறுதியானது.

இரு பாதைகளும் ஒன்றையொன்று எப்படி அறிகின்றன என்பதற்கு விடை வர மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. டல்லாஸில் மெக்காரியும் ஃபாஸ்டரும் 1977இல் காட்டியது இது: நீள்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அனுப்பும் வாயிலான கார்னிடைன் பால்மிட்டாயில் டிரான்ஸ்ஃபெரேஸ்-1 நொதியை மாலோனைல் கோ-ஏ தடுக்கிறது. உணவுக்குப் பின் இன்சுலின் ஓங்கும்போது மாலோனைல் கோ-ஏ பெருகி வாயில் அடைபடுகிறது. பட்டினியில் அது குறைய, வாயில் திறக்கிறது. கட்டுவதும் எரிப்பதும் கல்லீரலில் ஒரே நேரத்தில் மும்முரமாக நடக்காதது இதனால்தான். என் கணிப்பில், கொழுப்பு வளர்சிதை மாற்ற ஆய்வில் இதைவிட அழகான கண்டுபிடிப்பு வேறில்லை.

ஆனால் இதயத்தசையும் எலும்புத்தசையும் கொழுப்பு அமிலத்தை மிகச் சொற்பமாகவே தயாரிக்கின்றன. அங்கேயும் மாலோனைல் கோ-ஏ ஏன் இருக்கிறது? நொதி இரு வடிவங்களில் இருப்பது தெரிந்தபோது இது விளங்கிற்று. சுமார் 265 கிலோடால்டன் எடையுள்ள முதல் வடிவம் சைட்டோசாலில் இருந்து தொகுப்புக்கு உதவுகிறது. சுமார் 280 கிலோடால்டன் எடையுள்ள இரண்டாம் வடிவம் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில், அந்த வாயிலுக்கு அருகிலேயே அமர்ந்திருக்கிறது. தசையில் இந்த இரண்டாம் வடிவமே மிகுதி. அங்கே மாலோனைல் கோ-ஏயின் முதன்மைப் பணி கட்டளை இடுவதே.

இரண்டாம் வடிவம் நீக்கப்பட்ட எலிகள் அதிகம் தின்றும் மெலிந்திருந்தன என்று வாக்கில் குழுவினர் 2001இல் அறிவித்தபோது உடல் பருமனுக்குத் தீர்வு கிடைத்துவிட்டதாகவே பலரும் நம்பினர். 2010இல் வேறு குழுக்கள் செய்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. கொழுப்பு எரிப்பு கூடியது. மொத்த ஆற்றல் செலவோ உடற்கொழுப்போ மாறவில்லை. எரிபொருளின் வகையை மாற்றுவதும் செலவைக் கூட்டுவதும் ஒன்றல்ல.

இந்நொதியை முற்றிலும் நீக்குவதைவிட அதன் கட்டுப்பாட்டைக் கலைத்துப் பார்த்த சோதனையே அதிகம் கற்பித்தது. ஆற்றல் குறையும்போது ஏஎம்பிகே என்னும் கைனேஸ் முதல் வடிவத்தின் 79ஆம் செரினிலும், எலியின் இரண்டாம் வடிவத்தில் 212ஆம் செரினிலும் பாஸ்பேட்டை ஏற்றி நொதியை அடக்குகிறது. இவ்விரு செரின்களையும் அலனினாக மாற்றிய எலிகளைப் பற்றிய ஆய்வு 2013இல் வெளிவந்தது. அவற்றின் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்தது. இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்கவில்லை. கொழுப்புணவு தந்து பருமனாக்கிய பின் மெட்ஃபார்மின் கொடுத்தும் இன்சுலின் உணர்திறன் மேம்படவில்லை. புரதம் ஒவ்வொன்றிலும் ஒரே ஓர் அமினோ அமிலம்தான் மாறியிருந்தது.

கல்லீரலில் மட்டும் இரு வடிவங்களையும் தடுக்கும் எம்கே-4074 என்ற மருந்தைக் கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களுக்கு ஒரு மாதம் கொடுத்த ஆய்வு 2017இல் வெளியானது. கல்லீரல் டிரைகிளிசரைடு 36 விழுக்காடு குறைந்தது. குழாய் அடைபட்டது என்று மகிழ்வதற்குள், இரத்த டிரைகிளிசரைடு 200 விழுக்காடு கூடியது. காரணம் எலிகளில் துலங்கிற்று. 18 கார்பன் கொண்ட லினோலெயிக் அமிலத்தை 20 கார்பன் கொண்ட அராக்கிடோனிக் அமிலமாக நீட்டுவதற்கு இரு கார்பன்களைத் தருவது மாலோனைல் கோ-ஏ. அது வற்றியதும் பல்நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் குறைந்தன. அந்தக் குறைவு எஸ்ஆர்இபிபி-1சி என்ற மரபணு இயக்கியைத் தூண்ட, கல்லீரல் மிகுதியான கொழுப்புத் துகள்களை இரத்தத்தில் கொட்டியது. பல்நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களை உணவில் சேர்த்ததும் எலிகளின் இரத்த அளவு சீரானது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. டிரைகிளிசரைடை முடித்துவைக்கும் டிஜிஏடி2 நொதியையும் சேர்த்துத் தடுத்தால் இரத்த அளவு ஏறுவது மட்டுப்படுவதை 2021இல் வெளியான மருத்துவச் சோதனை காட்டியிருக்கிறதே என்பர். முடிவு உண்மையானது, பயனுள்ளதும்கூட. ஆனால் ஒரு தடுப்பானின் விளைவைச் சமாளிக்க இன்னொன்று தேவைப்படுவதே, முதல் நொதி வெறும் குழாய் அன்று என்பதற்குச் சான்று. இரத்த அளவு சீராவதாலேயே நீட்டிப்புப் பணியின் இழப்பு ஈடாகிவிட்டதாகக் கொள்ளவும் முடியாது. ஆகவே அசெட்டைல் கோ-ஏ கார்பாக்சிலேஸ் தடுப்பான்களின் சோதனைகள் கல்லீரல் கொழுப்பையும் இரத்த டிரைகிளிசரைடையும் அளப்பதோடு நின்றுவிடக் கூடாது. 20, 22 கார்பன் கொண்ட பல்நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களின் அளவையும் தொடக்கம் முதலே முதன்மை அளவீடாக வைக்க வேண்டும்.