போக்லாந்துப் போரும் முதிய வல்கன் விமானங்களும்

போர்க்கருவியொன்றின் பயனை அளக்கப் புகுவோர் பெரும்பாலும் அஃது அழித்தவற்றையே எண்ணிக் காண்பர். 1982ஆம் ஆண்டுப் போக்லாந்துப் போரிற் பிரித்தானியர் செலுத்திய வல்கன் குண்டுவீச்சு விமானங்களை இவ்வாறு அளப்பின், முதற் பறப்பின் பேறாக எஞ்சுவது ஓடுபாதையின் நடுவே தோன்றிய ஒரு குழியேயாம். அதற்காகவோ அத்துணைத் தூரம் பறந்தன என்னும் வினா இன்னும் ஓயவில்லை.

வல்கன் முதன்முதற் பறந்தது 1952இல். சோவியத்து ஒன்றியத்தின்மீது அணுக்குண்டு வீசுதற்கென்றே அஃது ஆக்கப்பட்டது. 1969இல் அப்பொறுப்புப் பொலாரிஸ் ஏவுகணை தாங்கிய நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு மாறிற்று. 1982இல் எஞ்சிய வல்கன் அணிகளும் கலைக்கப்படும் நிலையில் இருந்தன. வானிலே எரிபொருள் பெறும் பயிற்சி பல்லாண்டுகளாகக் கைவிடப்பட்டிருந்தமையால், அதற்கு வேண்டிய குழாய்முனைகளைக் காட்சிச்சாலைகளில் நின்ற பழைய வல்கன்களிலிருந்தும் கழற்றி எடுக்க நேர்ந்தது.

1982 ஏப்பிரல் 2ஆந் தேதி ஆர்ஜென்ரீனாப் படைகள் தீவுகளைக் கைப்பற்றின. ஸ்ரான்லி நகரின் ஓடுபாதை 4,100 அடி நீளமே உடையதாயினும், அங்கிருந்த படைக்கு உணவும் படைக்கலமும் வந்திறங்கும் வாயில் அதுவே. பிரித்தானியர்க்கு வாய்த்த மிக அண்மையான விமானத்தளமோ ஏறக்குறைய 3,900 மைலுக்கு அப்பால், அசென்சன் தீவில் இருந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அதனை அமைத்தவர் அமெரிக்கர்.

ஏப்பிரல் 30ஆந் தேதி இரவு இரண்டு வல்கன்களும் எரிபொருள் தாங்கிய பதினொரு விக்ரர் விமானங்களும் அங்கிருந்து எழுந்தன. முன்சென்ற வல்கனின் சாளரம் சரிவர மூடாமையால் அது திரும்பிற்று. மாற்றாக நின்ற விமானம், மாட்டின் விதேர்ஸ் தலைமையில், அதனிடத்தைப் பெற்றது. விக்ரருக்கு விக்ரர் எரிபொருள் ஈந்து ஒவ்வொன்றாகத் திரும்பின. இறுதியாக ஈந்த விக்ரரின் தலைவர் பொப் ரக்ஸ்பேட் தாம் மீளுதற்கு வேண்டியதையும் வல்கனுக்குக் கொடுத்துவிட்டார். தாக்குதல் முடிந்ததெனும் குறிச்சொல் கேட்கும்வரை வானொலியில் உதவி வேண்டுதலுங் கூடாது. அச்சொல் வந்த பின்னரே வேறொரு விக்ரர் எதிர்கொண்டு அவரைக் காத்தது.

மே 1ஆந் தேதி விடியுமுன், 10,000 அடி உயரத்தினின்று, ஒவ்வொன்றும் ஆயிரம் இறாத்தல் நிறையுள்ள 21 குண்டுகளை வல்கன் ஓடுபாதைக்குக் குறுக்காக வீசிற்று. ஒன்றே பாதையிற் பட்டது. போய் மீளப் பதினாறு மணி நேரம் சென்றது.

ஓடுபாதையோ அடைபடவில்லை. ஆர்ஜென்ரீனர் குழியைச் செப்பனிட்டனர்; மேலிருந்து நோக்குவார்க்குக் குழிகளாகத் தோன்றும் வண்ணம் மண்ணையும் குவித்து வைத்தனர். சரணடைந்த ஜூன் 14ஆந் தேதியை அண்டிய நாட்கள்வரை அவர்தம் ஹேர்க்கியூலிஸ் விமானங்கள் இரவில் வந்து சென்றன. மிராஜ் போர் விமானங்கள் புவனஸ் அயர்ஸைக் காக்கத் திருப்பப்பட்டன என்பர் ஒரு சாரார். அதனை மறுப்பாரும் உளர். கடற்படையின் ஹரியர் அணியொன்றை நடத்திய வார்ட் என்பார், அப்பணியைத் தம் விமானங்களே குறைந்த எரிபொருளில் ஆற்றியிருக்கும் என்று கடிந்துரைத்தார். எரிபொருட் கணக்கில் அவர் கூற்றுப் பொருந்தும். ஆனாற் கப்பற்படை தொடக்கத்திற் கொண்டுசென்ற ஹரியர்கள் இருபதே. கப்பல்களை வானிற் காக்க வேண்டியவையும் அவையே. அவற்றுள் ஒன்றையேனும் இழத்தற்கு அஞ்சிய வேளையில், கலைக்கப்படவிருந்த வல்கன் இழத்தற்கு எளியதாயிருந்தது. அதன் உண்மையான பெறுமதி இதுவே எனலாம். பாதையிற் பட்ட குழியன்று.

நெடுந்தூர விமானம் எனப் பெயர்பெற்ற வல்கன் அத்தூரத்தைத் தன் வலியாற் கடந்ததுமில்லை. விக்ரரும் அதே தலைமுறையிற் பிறந்து, குண்டுவீச்சினின்று ஓய்வு பெற்று, எரிபொருள் சுமந்த விமானமே. ஒரு முதியோனை மற்றொரு முதியோன் தோளிற் சுமந்தவாறு இது. அத்தோள் தவறியவிடத்து நேர்வதும் விரைவில் விளங்கிற்று: ஜூன் 3ஆந் தேதி குழாய்முனை முறிந்த வல்கனொன்று பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் இறங்கி அங்கே தடுத்து வைக்கப்பட்டது. திட்டமிட்ட ஏழு பறப்புகளில் ஐந்தே நிறைவேறின.

எரிபொருள் விமானங்கள் போதாமையைப் போர் நன்கு உணர்த்தியதனால், ஆறு வல்கன்கள் அப்பணிக்கென மாற்றியமைக்கப்பட்டன. குண்டு சுமக்கப் பிறந்த அவை 1984வரை பிறர்க்கு எரிபொருள் சுமந்தன.