பெருந்தமனியும் 120 கிரேயும்: மறுகதிர்வீச்சின் ஓர் எல்லைக்கோடு பற்றி

கதிர்வீச்சு பெற்ற இடத்திலேயே நுரையீரல் புற்று திரும்பி வரும்போது, மறுபடி கதிர்வீச்சு தரலாமா என்ற விவாதம் பெரும்பாலும் ஒரே எண்ணில் வந்து நிற்கிறது. இரு சிகிச்சைகளையும் கூட்டிப் பார்த்தால், பெருந்தமனியின் 1 கன செ.மீ. பகுதி 120 கிரேயை எட்டுகிறதா? எட்டினால் கைவிரிப்பு, எட்டாவிட்டால் ஒப்புதல். இந்த எல்லை தேவைக்கு மீறிய கெடுபிடி என்று ஒரு சாரார் எழுதிவருகிறார்கள். என் மறுப்பு அதற்கு எதிர்த்திசையில் செல்வது. கோட்டைத் தாண்டியவர்களை இந்த எண் திருப்பி அனுப்புவதைவிட, தாண்டாதவர்களுக்கு அது வழங்கும் பத்திரச் சான்றிதழே எனக்குக் கவலை தருகிறது.

எண்ணின் ஊற்று, ஹூஸ்டன் எம்.டி. ஆண்டர்சன் மையத்திலிருந்து 2013இல் வந்த ஆய்வு. இருமுறை கதிர்வீச்சு பெற்ற 35 பேர். 120 கிரேயோ அதற்கு மேலோ பெற்றவர்களில் 25% பேர் பெருந்தமனிப் பாதிப்பால் இறந்தனர். அதற்குக் குறைவாகப் பெற்றவர்களில் ஒருவர்கூட இல்லை. p மதிப்பு 0.047. மேற்கோள்களில் 25%, 0% என்ற எதிரிணை மட்டும் உலவுகிறது; தலைகளை எண்ணிப் பார்ப்பவர் குறைவு. இந்த எண்கள் ஒன்றோடொன்று பொருந்த ஒரே வழிதான் உண்டு: 8 பேரில் 2, 27 பேரில் 0. ஃபிஷர் சோதனையின்படி இதற்கான நிகழ்தகவு 28/595, அதாவது 0.047. கோட்டுக்குக் கீழே இருந்த ஒரே ஒருவரின் கூட்டுத்தொகை கொஞ்சம் கூடி 120ஐத் தொட்டிருந்தால், 9 பேரில் 2 என்றாகி, மதிப்பு 36/595, அதாவது 0.061 ஆகியிருக்கும். புள்ளியியல் முக்கியத்துவம் அங்கேயே கரைந்துவிடுகிறது.

ஒருவர் இடம் மாறுவது வெறும் கற்பனை அல்ல. முதல் சிகிச்சைக்கும் இரண்டாவதற்கும் இடையில் நுரையீரல் சுருங்கியிருக்கும், தழும்பேறியிருக்கும், இதயத்தையும் பெருந்தமனியையும் ஒரு பக்கமாக இழுத்திருக்கும். பழைய சி.டி. படத்தைப் புதிய படத்தின்மேல் பொருத்திக் கூட்டும் கணக்கில், 1 கன செ.மீ. அளவுள்ள ஓர் இடத்தின் தொகை சில கிரே இப்படியோ அப்படியோ போவது இயல்பு. அந்தச் சில கிரேக்குள்தான் இந்த எல்லைக்கோடு நிற்கிறது.

p மதிப்பை விட்டுவிடலாம். அதில் தொங்கிக்கொண்டிருப்பவர்கள் எப்படியும் தொங்குவார்கள். 8க்கு 2 என்பதன் 95% நம்பக இடைவெளி 3%இலிருந்து 65% வரை நீள்கிறது. எனக்கு முக்கியமானது 27க்கு 0. பெருந்தமனி மரணமே நிகழாத 27 பேரிலிருந்து உண்மையான ஆபத்து 11% வரை இருக்கக்கூடும் என்பதை மறுக்க முடியாது. பத்தில் ஒருவர் குருதிப்பெருக்கில் இறக்கக்கூடிய ஒரு சிகிச்சையைப் பாதுகாப்பானது என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் '120க்குக் கீழே 0%' என்று வாசிக்கும்போது நாம் சொல்லிக்கொண்டிருப்பது அதைத்தான். தவிர, மறுபடி முளைத்த புற்றாலேயே சில மாதங்களில் இறப்பவருக்குப் பெருந்தமனி கிழியக் காலம் போதுவதில்லை. அவரும் பூஜ்ஜியக் கணக்கில் சேர்ந்துவிடுகிறார்.

இன்னொரு சிக்கல் இதைவிட நேரடியானது. மேற்கோளாகச் செல்லும் 120, தவணை அளவைச் சரிக்கட்டாத வெறும் கூட்டுத்தொகை. முதல் நோயாளியின் பெருந்தமனி 33 தவணைகளில் 66 கிரேயும், பின்னர் 30 தவணைகளில் 60 கிரேயும் பெறுகிறது என்று வைத்துக்கொள்வோம். தொகை 126, ஆகவே மறுப்பு. இரண்டாமவருக்கு முதலில் 30 தவணைகளில் 60 கிரே. மறுமுறை ஸ்டீரியோடாக்டிக் முறையில் 4 தவணைகளில் 40 கிரே. தொகை 100, ஆகவே ஒப்புதல். ஆல்ஃபா/பீட்டா விகிதத்தை 3 என்று கொண்டு 2 கிரே தவணைக்குச் சமப்படுத்தினால், முதலாமவருக்கு அதே 126; இரண்டாமவருக்கு 164. எண் அனுமதித்தவர்தான் கூடுதல் சுமையோடு போகிறார். தவணைக்கு 10 கிரே என்ற அளவில் அந்தச் சூத்திரம் மிகைப்படுத்துகிறது என்பார்கள். சரி, திருத்தத்தில் பாதியையே எடுத்துக்கொண்டாலும் 132 வருகிறது, வரிசை மாறவில்லை.

மரணக் காரணத்தைப் பெருந்தமனியின் தலையில் கட்டுவதும் எளிதல்ல. இருமலோடு இரத்தம் கொப்பளித்து நிமிடங்களில் முடிந்துபோகும் மரணத்தில், கிழிந்தது எந்தக் குழல் என்பதைப் பிரேதப் பரிசோதனை இல்லாமல் சொல்வது பெரும்பாலும் ஊகமே. நோர்டிக் நாடுகளின் ஹைலஸ் ஆய்வை இங்கே நினைவில் கொள்ளவேண்டும். மூச்சுக்குழாய்க்கு 1 செ.மீ.க்குள் கட்டி இருந்த 65 பேருக்கு, 8 தவணைகளில் 56 கிரே. சிகிச்சை காரணமாக இருந்திருக்கலாம் என்று கருதப்பட்ட மரணங்கள் 10. அவற்றில் 8 மூச்சுக்குழாய், நுரையீரல் குருதிப்பெருக்கு. ஆக, உயிரைப் பறிக்கும் இரத்தப்போக்குக்குப் பெருந்தமனி தேவையே இல்லை. முதன்மை மூச்சுக்குழாயின் சுவரைப் பார்க்காமல் பெருந்தமனியை மட்டும் அளந்து ஒப்புதல் தருவது, பூட்டிய முன்வாசலைக் காவல் காத்துக்கொண்டு கொல்லைக் கதவைத் திறந்து வைப்பது போலாகிறது.

இடைவெளி நீண்டால் திசு தேறிவிடும் என்ற வாதத்துக்கு அதிக இடம் தேவையில்லை. தண்டுவடம் அப்படித் தேறுவதைக் காட்டிய, ரீசஸ் குரங்குகளில் நடந்து 2001இல் வெளியான சோதனைகள் உண்டு. அந்தத் தேறுதலை அப்படியே பெருந்தமனிச் சுவருக்குக் கடன் வாங்க எந்த நியாயமும் தெரியவில்லை. திட்டமிடுபவருக்கு ஏதாவது ஓர் எண் வேண்டாமா என்பார்கள். வேண்டும். ஆனால் அந்த எண் எதிலிருந்து கட்டப்பட்டது என்பது அதனோடு சேர்ந்தே வரவேண்டும்.

நம் ஊரில் இது இன்னும் கூர்மையாகிறது. '30 கரண்ட் வைத்தார்கள்' என்று உறவினர் சொல்வார்; கையில் ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கும். அதில் 60 கிரே, 30 தவணை, முன்னும் பின்னுமாக எதிரெதிர்ப் புலங்கள் என்று இரண்டு வரி. பழைய திட்டக் கோப்பு இராது. அதை வைத்துப் பெருந்தமனியின் தொகையைக் கணக்கிட்டு அறிக்கையில் 118 என்று எழுதுகிறோம். மறுமுறைத் திட்டத்தின் தவணை அளவும், பழைய அளவு கோப்பிலிருந்து வந்ததா அனுமானத்திலிருந்து வந்ததா என்பதும், மூச்சுக்குழாய்ச் சுவர் பெற்ற அளவும் பக்கத்தில் எழுதப்படாதவரை, அந்த 118ஐ 120க்குக் கீழான எண் என்று ஏற்க நான் தயாரில்லை.