ஆசானும் மாணவனும் நீதிமன்றில்

கடன் வழக்குகளில் ‘இது என் கைச்சாத்து அன்று’ என்று மறுப்பது எதிராளிகளின் பழைய தந்திரம். ஆனால் உடன்படிக்கையை முழுமையாக ஏற்றுக்கொண்டே, கொடுக்க வேண்டிய கல்விக் கட்டணத்தைக் கொடுக்க மறுத்த ஒருவனின் வழக்கு பண்டைய கிரேக்கத்திலிருந்து நமக்கு வந்திருக்கிறது.

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த புரொட்டகோரஸ், பணம் பெற்று நாவன்மை கற்பித்த ஆசான். வழக்குரைக்கும் கலையைக் கற்க வந்த யூவத்லஸ் என்ற செல்வந்த இளைஞன் கட்டணத்தில் பாதியை முதலிலேயே செலுத்தினான். முதல் வழக்கில் வெற்றி பெறும் நாளில் மீதியைத் தருவதாக வாக்களித்தான். படிப்பு முடிந்தது, ஆனால் அவன் எந்த வழக்கையும் ஏற்கவில்லை. காலம் கடந்தது. ஆசான் வழக்குத் தொடுத்தார்.

“நான் வென்றால் தீர்ப்பின்படி நீ பணம் தரவேண்டும். நீ வென்றால் அது உன் முதல் வெற்றி, உடன்படிக்கையின்படி தரவேண்டும்” என்பது ஆசானின் வாதம்.

மாணவன் அதே வாளைத் திருப்பிப் பிடித்தான். “நான் வென்றால் தீர்ப்பின்படி தரவேண்டியதில்லை. தோற்றால் இன்னும் முதல் வெற்றி கிட்டவில்லை, உடன்படிக்கையின்படியும் தரவேண்டியதில்லை.”

திகைத்த நீதிபதிகள் வழக்கை நெடுந்தொலைவிலுள்ள ஒரு திகதிக்கு ஒத்திவைத்தனராம். தவணைக்கு மேல் தவணை கண்ட நம்மவர்களுக்கு இந்த முடிவு வியப்பளிக்காது.

ஜெர்மனிய அறிஞர் லைப்னிட்ஸ் 1666இல் சிக்கலான வழக்குகள் பற்றிய தமது ஆய்வில் இதற்கு விடை கண்டார். வழக்குத் தொடுத்த வேளையில் நிபந்தனை நிறைவேறவில்லை. எனவே முதல் வழக்கில் ஆசான் தோற்க வேண்டும். அத்தோல்வியே மாணவனின் முதல் வெற்றியாகிவிடும். பின்னர் இரண்டாவது வழக்கில் ஆசான் பணத்தைப் பெறலாம்.

இந்தக் கதையை விரிவாகச் சொல்பவர் கி.பி. இரண்டாம் நூற்றாண்டு ரோம எழுத்தாளர் ஓலஸ் ஜெல்லியஸ். நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கும் அவருக்கும் இடையே ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள். புரொட்டகோரஸின் காலத்துக்கு மிக அண்மையில் எழுதிய பிளேட்டோ காட்டும் ஆசானோ வேறு மனிதர். கேட்ட கட்டணம் அதிகமென்று மாணவன் கருதினால், அவன் கோவிலுக்குச் சென்று, தான் கற்றதன் மதிப்பு இவ்வளவு என்று சத்தியம் செய்து, அத்தொகையை மட்டும் தந்தால் போதும் என்பதே அவரது வழக்கம். அரிஸ்டோட்டிலும் இதனை உறுதிப்படுத்துகிறார்.

மாணவனின் மனச்சாட்சியை நம்பிய ஆசானை வரலாறு மறந்தது. வழக்காடிய ஆசானையே அது நினைவில் வைத்திருக்கிறது. சுவையான வழக்கொன்று கிடைத்துவிட்டால், சாட்சி எத்தனை ஆண்டுகள் பிந்தியது என்று எவரும் கேட்பதில்லை. செய்தி எழுதும் எங்களுக்கும் இது ஓர் எச்சரிக்கையே.