லேப்டாப் போனா போகட்டும்... உள்ளே இருக்கும் நோயாளி?

நம்ம கோவையில் மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஏராளம். கணபதி, சரவணம்பட்டி பக்கம் நாலு வீடு தாண்டினா ஒருத்தராவது இருப்பாங்க.

அமெரிக்க நோயாளியின் கேஸ் ஷீட்டைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டைப் போடணும். அதை வச்சுத்தான் அங்கே இன்சூரன்ஸ் பணம் கிடைக்கும்.

"இதுல அரசு டாக்டருக்கு என்ன வேலைங்க?"

இருக்குங்க. அந்த கேஸ் ஷீட்டில் எச்ஐவி இருக்கும், மனநோய் இருக்கும், கருக்கலைப்பு இருக்கும். டாக்டரை நம்பி ஒரு மனுஷன் சொன்ன ரகசியம், இன்னைக்கு இங்கே ஒரு வீட்டு ஹாலில் லேப்டாப்பில் திறந்திருக்கு. அதைக் காப்பாற்றும் முறை எப்படி வந்தது என்று பார்ப்போம்.

2003 அக்டோபர். சான் பிரான்சிஸ்கோவின் யுசிஎஸ்எஃப் மருத்துவமனைக்கு ஒரு மின்னஞ்சல் வருது. அனுப்பியவர் பாகிஸ்தானில் இருந்து டாக்டர்களின் குரல் பதிவுகளைத் தட்டச்சு செய்து கொடுத்த ஒரு பெண். "என் கூலி பாக்கியைக் கொடுங்க. இல்லைன்னா நோயாளிகளின் விவரங்களை இணையத்தில் போடுவேன்."

மருத்துவமனைக்கு அதிர்ச்சி. அவர்கள் வேலை கொடுத்தது உள்ளூர் நிறுவனத்துக்கு. அது கைமாறிக் கைமாறி கடல் தாண்டிப் போனதே அவர்களுக்குத் தெரியாது. பாக்கியில் ஒரு பகுதி கைக்கு வந்த பிறகே அந்தப் பெண் மிரட்டலை வாபஸ் வாங்கினார்.

வெளிநாட்டு டேட்டாவைக் கையாளும் நம்ம ஊர் ஆபீஸ்களில் காவல் கடுமையானது. செல்போன் வெளியே. பேப்பர், பேனா கூடாது. பென்டிரைவ் வேலை செய்யாது. கட்டிடமே பூட்டாக இருந்தது.

ஆனா டேட்டா வீட்டுக்குப் போனா?

2006 மே 3. அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை ஊழியர் ஒருவரின் வீட்டில் திருட்டு. லேப்டாப்பும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கும் போச்சு. உள்ளே சுமார் 2.65 கோடி பேரின் விவரங்கள், என்கிரிப்ஷன் இல்லாமல். அடுத்த மாதமே பொருள் திரும்பக் கிடைத்தது. ஆனாலும் வழக்கு நடந்து, 2009-ல் 2 கோடி டாலருக்கு சமரசம் ஆனது.

என்கிரிப்ஷன் என்றால் என்ன? டிஸ்க்கில் உள்ள எழுத்தையெல்லாம் யாராலும் படிக்க முடியாதபடி கலைத்து வைப்பது. சாவி இருந்தால்தான் மறுபடி எழுத்தாகும். டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும் திருடனுக்கு வெறும் குப்பைதான். விண்டோஸ் பாஸ்வேர்டு மட்டும் போட்டிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

அமெரிக்காவில் 2009-ல் விதி வந்தது. நோயாளி விவரம் திருடு போனால் சம்பந்தப்பட்ட நோயாளிக்குச் சொல்லியாகணும். முறையாக என்கிரிப்ட் செய்திருந்தால் தேவையில்லை.

அப்புறம் 2020 மார்ச். வீட்டிலிருந்து வேலை பார்க்க வைப்புத்தொகை, ஒப்பந்தம் என்று கேட்ட விதிகளை மத்திய தொலைத்தொடர்புத் துறை மார்ச் 13 அன்று தளர்த்தியது. 25 முதல் ஊரடங்கு. பல ஆண்டுகளாகக் கட்டின அந்தக் கட்டிடக் காவல் சில நாளில் காலி. பூட்டு லேப்டாப்புக்குள்ளே வந்தாகணும் என்ற நிலை.

அதே 2020 ஜூலையில் லைஃப்ஸ்பேன் என்ற அமெரிக்க மருத்துவக் குழுமம் 10.4 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. 2017-ல் ஊழியரின் காரிலிருந்து ஒரேயொரு லேப்டாப் திருடு போனதுதான் காரணம். என்கிரிப்ஷன் இல்லை. 20,431 நோயாளிகள்.

இங்கேயும் 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 250 கோடி ரூபாய் வரை அபராதத்துக்கு இடமுண்டு.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் செய்ய வேண்டியது:

🔸 டிஸ்க் என்கிரிப்ஷன் (பிட்லாக்கர், ஃபைல்வால்ட்) ஆன் ஆகியிருக்கா என்று ஆபீஸ் ஐடி ஆளிடம் கேளுங்க.

🔸 மீட்பு சாவியை எழுதி லேப்டாப் பையிலேயே வைக்காதீங்க. வீட்டுச் சாவியை பூட்டிலேயே தொங்கவிட்ட கதைதான்.

🔸 எழுந்து போனால் திரையைப் பூட்டுங்க. திறந்து கிடக்கும் லேப்டாப்பை என்கிரிப்ஷன் காக்காது.

🔸 ஆபீஸ் லேப்டாப் குழந்தை விளையாட அல்ல. ஃபைலை சொந்த மெயிலுக்கு, வாட்ஸ்அப்புக்கு அனுப்பவே கூடாது.

🔸 தொலைந்தால் உடனே ஆபீஸுக்குச் சொல்லுங்க. பயந்து மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு லாபம்.

லேப்டாப் போனால் வேறு வாங்கிக்கலாம். ஒருத்தரின் நோய் ஊருக்குத் தெரிந்துவிட்டால் அதைத் திரும்ப மறைக்க எந்த மருந்தும் இல்லைங்க.