பீடத்துக்கு இந்தப் பக்கம்

தாமிரபரணி கடலைத் தொடும் இடத்தில் இருக்கிறது புன்னைக்காயல். பொதிகையில் இறங்கி, பாபநாசம், சேரன்மகாதேவி, நெல்லை, ஸ்ரீவைகுண்டம் என்று வயல்களுக்கெல்லாம் தண்ணீரைப் பகிர்ந்துவிட்டு, மிச்சத்தோடு ஆறு வந்து சேரும் கடைசி ஊர். பூசை நடக்கும்போது சாதாரண சனங்கள் என்ன செய்தார்கள், எந்த மொழியில் வாய் திறந்தார்கள், கோயிலுக்குள் எங்கே நின்றார்கள் என்ற கதையைத் திருநெல்வேலிச் சீமையில் சொல்லப் புகுந்தால் இந்தக் கடலோரத்திலிருந்துதான் தொடங்கியாக வேண்டும்.

1535-க்கும் 1537-க்கும் இடையில் முத்துக்குளித்துறை எனப்படும் இந்தக் கரையின் பரதவர்கள் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றார்கள். முத்துச் சலாபத்தில் மூண்டிருந்த சண்டையில் போர்த்துகீசியரின் துணை அவர்களுக்குத் தேவைப்பட்டது. ஞானஸ்நானம் கொடுத்த குருக்கள் விரைவிலேயே கொச்சிக்குத் திரும்பிவிட்டார்கள். புதுப் பெயர் கிடைத்தது. செபம் ஒன்றுகூடத் தெரியாது. கற்றுக்கொடுக்க ஆளும் இல்லை.

1542-இன் கடைசியில் பிரான்சிஸ் சவேரியார் வந்து இறங்கியபோது இருந்த நிலை அது. அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழும் ஓரளவு போர்த்துகீசியமும் அறிந்த உள்ளூர்க்காரர்களை உட்கார வைத்துச் சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பரலோக மந்திரம், அருள்நிறை மந்திரம், பத்துக் கற்பனைகள் எல்லாவற்றையும் தமிழாக்கி, தானே மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியோடு தெருத்தெருவாக நடந்து பிள்ளைகளைக் கூட்டினார். 1544 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அந்த நடைமுறையை விரிவாகச் சொல்கிறார். பிள்ளைகளுக்கு நாளைக்கு இரண்டு வேளை பாடம். கற்றதை வீட்டில் தாய் தகப்பனுக்கும் அக்கம்பக்கத்துக்கும் அவர்கள் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆண், பெண், கிழவர், குழந்தை அத்தனை பேரும் கூடி உரத்த குரலில் சேர்ந்து சொல்ல வேண்டும். ஊரை விட்டுக் கிளம்பும்போது செபங்களின் ஓலை ஒன்றை அங்கேயே விட்டுவிட்டுப் போவார். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் அதைப் படியெடுத்துக்கொள்வார்கள்.

குருவானவர் ஒருவர், ஊர்களோ கடலோரம் நெடுகிலும். ஆகவே ஒவ்வோர் ஊரிலும் ஒரு கணக்கப்பிள்ளை அமர்த்தப்பட்டார். கோயிலைத் திறப்பது, மணி அடிப்பது, செபம் சொல்லிக்கொடுப்பது, சாகக்கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது, கல்யாண விவரங்களைக் குருவிடம் சேர்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அவர்களுக்குக் கொடுக்க வேண்டிய சம்பளத்துக்காக, போர்த்துகல் அரசியின் காலணிச் செலவுக்கென்று இந்தக் கரையிலிருந்து போய்க்கொண்டிருந்த 4000 பணத்தைச் சவேரியார் கேட்டுப் பெற்றார். குருப்பட்டம் இல்லாத, மனைவி மக்களோடு வாழ்ந்த உள்ளூர் மனிதர் ஒருவர் கோயிலின் முன்வரிசையில் நின்று ஊரையே செபிக்க வைத்தார் என்பதுதான் இதில் முக்கியம். திருநெல்வேலிச் சீமையின் கத்தோலிக்கர்கள் வழிபாட்டில் வாய்மூடி இருந்த காலம் என்று ஒன்று இல்லவே இல்லை.

சவேரியாருக்குப் பின் வந்த அன்றீக்கே அன்றீக்கஸ் அடிகளார் இந்தக் கரையில் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் உழைத்துத் தமிழை முறையாகக் கற்றார். 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சான அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ வெறும் பதினாறு பக்கம். இந்திய மொழி எழுத்தில் இந்தியாவில் அச்சேறிய முதல் புத்தகம் என்று அதை அச்சு வரலாறு கொண்டாடுகிறது. அது என்ன புத்தகம் என்று கேட்டால், சாதாரண சனம் சொல்ல வேண்டிய செபங்களும் மறைக்கல்வியும்! அடுத்த ஆண்டு கொச்சியில் அச்சான ‘கிரீசித்தியானி வணக்கம்’ கேள்வி-பதிலாக அமைந்தது. 1586-இல் திருநாள் வரிசையில் புனிதர்களின் கதைகளைச் சொல்லும் பெரிய தொகுதி ஒன்றும் வந்தது. ஆக, தமிழ் அச்சின் தொடக்கமே குருமாருக்காக அல்ல, பீடத்துக்கு இந்தப் பக்கம் நின்றவர்களின் வாய்க்காகத்தான் நடந்தது.

ஆனால் பூசை மட்டும் லத்தீனில்தான் நடந்தது. குருவானவர் கிழக்கு நோக்கிப் பீடத்தைப் பார்த்து நின்று தாழ்ந்த குரலில் சொல்வார். பதில் சொல்வது பூசைக்கு உதவி செய்யும் பையன். அர்த்தம் தெரியாத லத்தீன் வரிகளை அவன் உருப்போட்டு வைத்திருப்பான். சனங்கள் முழந்தாளிட்டுப் பூசை காண்பார்கள். எழுந்தேற்ற மணி அடித்ததும் தலைகள் குனியும், கைகள் குவியும். மற்ற நேரத்தில் கணக்கப்பிள்ளையான உபதேசியார் முன்னின்று செபமாலை சொல்லிக்கொடுக்க, கோயிலே சேர்ந்து சொல்லும். பீடத்தில் ஒரு செபம், கோயில் நடுவே இன்னொரு செபம். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடின, ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளவில்லை. நன்மை, அதாவது நற்கருணை, வாங்குவதும் அரிது. பாஸ்குக் காலத்தில் வருடத்துக்கு ஒருமுறையாவது வாங்க வேண்டும் என்ற 1215-ஆம் ஆண்டுச் சட்டமே பெரும்பாலோருக்கு நடைமுறை ஆயிற்று.

அதே தாமிரபரணிக் கரையில் வேறொரு வழக்கமும் இருந்தது. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர் காலம் தொட்டு, சீர்திருத்த சபைக்காரர்கள் ஞாயிறு ஆராதனையைத் தமிழிலேயே நடத்தினார்கள், வேதத்தைத் தமிழிலேயே வாசித்தார்கள். 1774-இல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை ராகத்தோடு பாடினார்கள். ஒரே தெருவில், சில இடங்களில் ஒரே சொந்தபந்தத்துக்குள், ஒரு வீட்டில் தமிழ் வேதம் விரிந்திருக்க, அடுத்த வீட்டுக்காரர் லத்தீன் பூசை கண்டு திரும்பிக்கொண்டிருந்தார்.

கத்தோலிக்கர் தங்கள் தமிழைப் பூசைக்கு வெளியே வளர்த்தார்கள். கொடியேற்றத்திலிருந்து பத்து நாள் திருவிழா. ஒவ்வொரு நாளும் ஒரு தெருவின் பொறுப்பு, அல்லது ஒரு சங்கத்தின் பொறுப்பு. இரவில் சப்பர பவனி. பெரிய வெள்ளியில் பாடுகளின் புலம்பல், ஊர்த் திடலில் பாஸ்கு நாடகம். கடைசி நாளில் அசனம். சாதி மத வித்தியாசம் பாராமல் ஊரே பந்தியில் உட்காரும் அந்தச் சாப்பாட்டை நெல்லைச் சீமைக்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1773-இல் ரோமாபுரி இயேசு சபையைக் கலைத்தபின் பல ஊர்கள் வருடக்கணக்கில் குருவானவர் முகமே காணாமல் இருந்தன. அப்போதும் கோயில் மணி அடித்தது, பிரார்த்தனை நடந்தது, குழந்தைகளுக்குப் பெயர் வைக்கப்பட்டது, சடலங்கள் செபத்தோடு அடக்கம் ஆயின. உபதேசியார்கள் இல்லையென்றால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் திரும்பி வந்த பிரெஞ்சு இயேசு சபையாருக்குக் கூட்டிச்சேர்க்க ஒரு மந்தையே மிஞ்சியிருக்காது.

மொழிச் சிக்கலை இப்படிச் சுற்றுவழியில் சமாளித்தார்கள். யார் எங்கே நிற்பது என்ற சிக்கலுக்குச் சுற்றுவழி கிடையாது.

நெல்லை மாவட்டத்தின் தென்கோடியில் இருக்கிறது வடக்கன்குளம். திருவிதாங்கூர் அரசு அதிகாரியாக இருந்த நீலகண்டன், 1745-இல் தேவசகாயமாக ஞானஸ்நானம் பெற்ற ஊர் அது. ஏழே ஆண்டில் அவர் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுட்டுக்கொல்லப்பட்டார். அத்தகைய பெயர் பெற்ற பங்கில், வேளாளரும் முதலியாரும் ஒரு பக்கம், நாடார்களும் ஏனையோரும் இன்னொரு பக்கம் என்று கோயிலே பிரிந்து கிடந்தது. 1872-இல் கட்டப்பட்ட திருக்குடும்பக் கோயிலின் அமைப்பு இந்தியக் கட்டடங்களிலேயே வேதனையான ஒன்று. பீடம் ஒன்றுதான். அங்கிருந்து இரண்டு நீண்ட கூடங்கள் இரு திசையில் விரிந்து போகும், நடுவே தடுப்பு. கால்சட்டையின் இரண்டு கால்கள் போல இருந்ததால் அந்தப் பெயராலேயே வரலாற்றாசிரியர்கள் அதைக் குறிப்பிட்டார்கள். இரு கூடத்தாரும் ஒரே பலியைக் கண்டார்கள், ஒரே குருவின் கையால் நன்மை வாங்கினார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. கட்டியவர்கள் கொடியவர்கள் அல்லர். ஓயாத சண்டைக்குச் சமாதானம் என்று நினைத்தே கட்டினார்கள். கெட்ட சமாதானம் எத்தனை வலுவாகச் செங்கல்லில் நிற்கும் என்பதற்கு அந்தக் கோயில் சாட்சி.

கௌசானல் அடிகளார் அதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. பாளையங்கோட்டையில் திரு இருதய சகோதரர் சபையைத் தொடங்கிய அதே பிரெஞ்சு இயேசு சபைக் குரு. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டு முடிகிற சமயத்தில் அவர் முனைந்து நின்று தடுப்பை அகற்றினார். உடனே வழக்கு. இது எங்கள் கோயில், பிரிவினையை மீட்டுத் தர வேண்டும் என்று வேளாளர் தரப்பு நீதிமன்றம் ஏறியது. ‘மைக்கேல் பிள்ளை - பார்த்’ என்று சட்டத் தொகுப்புகளில் பதிவான அந்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. தீட்டுப் படாமல் விலகி இருக்கும் உரிமையைத்தான் வாதிகள் உண்மையில் கேட்கிறார்கள் என்று நீதிபதிகள் கண்டுகொண்டார்கள். கத்தோலிக்க மதத்தில் தீட்டுக்கு எந்த ஆன்மிகப் பொருளும் கிடையாது என்று சொல்லிக் கோரிக்கையை ஏற்க மறுத்தார்கள்.

பூசையில் பங்கெடுப்பது என்று ரோமாபுரி பேசத் தொடங்கியதும் ஏறக்குறைய அதே ஆண்டுகளில்தான். 1903-இல் திருவழிபாட்டு இசை பற்றிய ஆணையில் போப் பத்தாம் பத்திநாதர் மக்களின் ஈடுபாட்டை வலியுறுத்தினார். 1905-இல் அடிக்கடி, முடிந்தால் தினமும் நன்மை வாங்கலாம் என்றார். 1910-இல் ஏழு வயதுக் குழந்தைகளுக்கும் புதுநன்மை கொடுக்க வழி திறந்தார். இன்றைக்கு நெல்லைக் கோயில்களில் வெள்ளை உடுப்பும் தலையில் பூமுடியுமாக வரிசையில் வரும் பிள்ளைகள் அந்த ஆணையின் பிள்ளைகள். 1923-இல் தூத்துக்குடி மறைமாவட்டம் பிறந்தது. அதன் ஆயரான திபூர்சியுஸ் ரோச் இந்தக் கடலோரத்துச் சமூகத்திலிருந்தே வந்தவர். நவீன காலத்தில் லத்தீன் வழிபாட்டு முறையில் ஆயரான முதல் இந்தியர் அவர்.

பிறகு 1963 டிசம்பர் 4. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுச் சாசனம் 2147 ஆதரவு ஓட்டும் 4 எதிர்ப்பு ஓட்டுமாக நிறைவேறியது. முழுமையான, உணர்வுள்ள, முனைப்பான பங்கேற்பு மக்களுக்கு ஞானஸ்நானத்தாலேயே வந்த உரிமை என்று அது அறிவித்தது. சில ஆண்டுகளுக்குள் பீடம் சுவரை விட்டு முன்னே வந்தது, குருவானவர் சனங்களைப் பார்த்து நின்றார், பூசை தமிழில் ஒலித்தது. நானூறு ஆண்டுகளாகக் கோயில் நடுவே தனியாக ஓடிய தமிழும் பீடத்தில் ஓடிய லத்தீனும் ஒரே செபமாயின. உலகின் பல பாகங்களில் சனங்களைப் பதில் சொல்ல வைக்கவே பங்குக் குருக்கள் பாடுபட்டார்கள். சேர்ந்து உரக்கச் சொல்லிப் பழகிய தென்கரைக் கோயில்களுக்கோ அது புதுப் பழக்கமாகவே இல்லை.

வாசகம் படிக்கச் சனங்களுக்குள்ளிருந்தே ஆள் வந்தார். காணிக்கைப் பவனியில் அப்பத்தோடும் இரசத்தோடும் நெற்கதிரும் வாழைத்தாரும் வந்தன. மன்றாட்டுகளில் மழையும் படகும் பரீட்சையும் இடம்பிடித்தன. தமிழரான அமலோற்பவதாஸ் அடிகளார் பெங்களூரில் நடத்திய தேசிய மையத்தின் முயற்சியால் 1969-இல் ரோமாபுரி பன்னிரண்டு இந்திய வழக்கங்களுக்கு இசைவு தந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வருவது, தரையில் உட்காருவது, கைகுவித்து வணங்குவது, ஆரத்தி எடுப்பது, குத்துவிளக்கு ஏற்றுவது அதில் சில. இவற்றில் பாதியை நெல்லைக் கிராமத்துச் சனங்கள் யாரிடமும் இசைவு கேட்காமலே தலைமுறை தலைமுறையாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

1973 மே மாதம் மதுரையிலிருந்து பிரிந்து பாளையங்கோட்டை தனி மறைமாவட்டம் ஆனது. அதே ஆண்டு சனவரியில், தேவையுள்ள இடங்களில் குருப்பட்டம் இல்லாத பொதுநிலையினரும் நற்கருணை வழங்கலாம் என்ற அனுமதியும் வந்திருந்தது. 1994-இல் பீடத்தில் உதவி செய்யப் பெண்பிள்ளைகளுக்கும் இடம் கிடைத்தது. 1995-இல் திருவிவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பு வெளியானது. வாசகப் புத்தகத்தின் தமிழ் இக்காலத் தமிழாயிற்று. பத்துப் பதினைந்து வீடுகள் சேர்ந்த அன்பியங்கள் முறைவைத்து ஞாயிறு வழிபாட்டைத் தயாரிக்கின்றன. வாசகம் படிக்க மைக்கின் முன் வந்து நிற்பவர்களில் பெண்களே அதிகம். 2021 மே மாதம் போப் பிரான்சிஸ் மறைக்கல்வியாளர், அதாவது உபதேசியார், என்பதைத் திருச்சபையின் முறையான பணிப்பொறுப்பாக நிறுவினார். அதற்குள் புன்னைக்காயல், மணப்பாடு போன்ற கடலோர ஊர்கள் கணக்கப்பிள்ளைகளின் தோளில் நின்று ஏறக்குறைய 480 ஆண்டுகள் கடந்திருந்தன.

அடுத்த ஆண்டு மே 15 அன்று தேவசகாயம் புனிதராக அறிவிக்கப்பட்டார். இந்தியப் பொதுநிலையினரில் அந்த நிலைக்கு வந்த முதல் மனிதர். அவர் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருந்த ‘பிள்ளை’ என்ற சாதிப் பெயரை நீக்கக் கோரி எழுந்த குரலை வத்திக்கான் ஏற்று, அதை முன்பே எடுத்துவிட்டிருந்தது. வடக்கன்குளத்தில் கல் தடுப்பு போய் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. என்றாலும் திருவிழா வரியை எந்தத் தெருவில் வாங்குவது, சப்பரம் எந்தத் தெருவுக்குள் திரும்புவது, கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்தப் பக்கம் என்ற வழக்குகள் தமிழகத்துப் பங்குகள் சிலவற்றில் இன்னும் தீரவில்லை. இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை இத்தகைய பாகுபாட்டைப் பாவம் என்று பெயர் சொல்லிக் குறித்திருக்கிறது. அதை ஊர்க் கூட்டத்தில் எடுத்துவைத்துப் பேச வேண்டியவர்கள் பங்குப் பேரவையில் உட்கார்ந்திருக்கும் பொதுநிலையினர்தான். ஞாயிற்றுக்கிழமை வாசகம் படிப்பவர்களும், காணிக்கை ஏந்திப் போகிறவர்களும் அவர்களே.