நாலு பேரின் சொல்லும் நமது மனச்சாட்சியும்

"நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்ற கேள்வியோடுதான் மலையகத்தில் நாம் வளர்ந்தோம். லயத்தில் ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம். எதையும் மறைத்து வாழ முடியாது. அதனால் ஒற்றுமையும் வந்தது, அச்சமும் வந்தது. சங்கத்தின் நூற்றாண்டு மலரில், அந்த அச்சத்தை மீறிச் சிந்தித்தவர்களை நினைவுகூர விரும்புகிறோம்.

டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தபோது, அரசியல் தலைவர்கள் பலர் சர்வசன வாக்குரிமையை விரும்பவில்லை. பெண்கள் வாக்குரிமைச் சங்கமும் வரையறுத்த வாக்குரிமையையே கேட்டது. தோட்டங்களில் உழைக்கும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று ஆணைக்குழு வினவியது. அக்னஸ் டி சில்வா தயங்காமல் ஆம் என்றார். அவரைச் சூழ்ந்திருந்த வசதி படைத்தோர் எதிர்பார்த்த பதில் அதுவன்று. 1931இல் 21 வயது நிரம்பிய பெண்களுக்கும் வாக்குரிமை கிடைத்தது.

தோட்டத்தில் பெரிய கங்காணியின் சொல்லே சட்டமாக இருந்தது. ஆள் சேர்த்தவரும் அவரே, கடன் கொடுத்தவரும் அவரே. பலருக்கு அவர் ஊராரும் உறவினரும்கூட. அவரை எதிர்ப்பது வீட்டுப் பெரியவரை எதிர்ப்பதற்குச் சமம். அந்தப் பிடி தளரத் தொடங்கிய காலத்தில், 1940இல், பதுளைப் பக்கத்து வேவெஸ்ஸ தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். தமக்கென ஒரு சபையைத் தாமே தெரிவு செய்தனர். அதனுடன் கலந்து நடக்கத் தோட்டத் துரையும் இணங்கினார். பின்னர் பொலிஸ் அடக்குமுறையும், ஊவாவைப் பிற பகுதிகளிலிருந்து துண்டித்த வெள்ளமும் அந்தப் போராட்ட அலையை ஓயச் செய்தன. ஆயினும், தலைவரைத் தாமே தெரிவு செய்யலாம் என்பதை அம்மக்கள் ஒருமுறை செய்து பார்த்துவிட்டனர்.

1948இன் குடியுரிமைச் சட்டம் எம்மவரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. சிங்களத் தொகுதிகளில் வென்ற இடதுசாரி உறுப்பினர்கள் அதை எதிர்த்து வாக்களித்தனர்.

கூட்டமாக நிற்பதெல்லாம் சரியாகிவிடாது. 1983 ஜூலை 27ஆம் திகதி பதுளைக் கடைவீதி எரிந்ததை எம்மிற் பலர் மறக்கவில்லை. இம்மலரைக் கடல் கடந்து வாசிப்போர் சிலரின் பயணம் அன்றுதான் தொடங்கியது. அந்த நாட்களில் நாட்டின் பல இடங்களிலும் தமிழரைத் தம் வீட்டில் ஒளித்து வைத்த சிங்கள அயலவர்கள் இருந்தனர். கூட்டம் வாசலுக்கு வந்தால் தம் வீடும் எரியும் என்று தெரிந்தே கதவைத் திறந்தார்கள். மனச்சாட்சிக்கு இதைவிடக் கடுமையான பரீட்சை இல்லை.

எமது வீடுகளுக்குள்ளும் பரீட்சைகள் உண்டு. ஒரே நாள் உழைப்புக்குப் பெண்ணுக்குக் குறைந்த கூலி என்பதை 1984 வரை வழமையென்றே ஏற்றிருந்தோம். அவள் பறித்த கொழுந்தின் சம்பளத்தைக் கணவர் வாங்கிச் செல்வதையும் யாரும் கேள்வி கேட்கவில்லை. வயதுக்கு வந்த பிள்ளையைப் பாடசாலையிலிருந்து நிறுத்தியபோதும் "நாலு பேர்" என்ற பெயரே சொல்லப்பட்டது. பிள்ளையை நிறுத்த மறுத்த தாய்மாரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. ஆனால் அவர்களின் பிள்ளைகளே இச்சங்கத்தின் அங்கத்தினர்.

இன்று அந்த நாலு பேர் கைத்தொலைபேசிக்குள்ளும் வந்துவிட்டார்கள். சீதனம், சாதி, பிள்ளையின் படிப்பு என்று எது வந்தாலும், "எல்லோரும் செய்கிறார்கள்" என்பதை விடையாக ஏற்காமல், "இது நியாயமா?" என்று முதலில் கேட்போம். அந்தத் தாய்மாருக்கு நாம் பட்ட கடன் அது.