சாஞ்சிக் கல்வேலியின் கடைசிச் சொல்

அறியாத சொல் எதிர்ப்பட்டால் முன்பின் நிற்கும் சொற்களை நோக்குமாறு மாணவரிடம் கூறுகின்றோம். சூழவுள்ள சொற்களும் விளங்காவிடின் யாது செய்வது? 1837ஆம் ஆண்டிலே கல்கத்தா நாணயசாலையிற் பணியாற்றிய ஜேம்ஸ் பிரின்செப் என்பாருக்கு இவ்விடர் நேர்ந்தது.

சாஞ்சித் தூபியின் கல்வேலியிலே சிறு சாசனங்கள் பல இருந்தன. அவற்றின் பிராமி எழுத்தை முழுமையாகப் படிக்க வல்லார் அன்று இலர். பிரதிகளை ஒருசேர வைத்து நோக்கிய பிரின்செப், பெரும்பாலானவை ஒரே இரண்டெழுத்துக்களில் முடிவதைக் கண்டார். அரசாணையாயின் நீண்டிருக்கும். தூணுக்குத் தூண் வேறுபடும் குறுவாசகம், வழிபாட்டிடத்திலே, கொடுத்தவர் பெயரன்றி வேறென்னவாகும்? அங்ஙனமாயின் கடைசிச் சொல் 'தானம்'. அதன்முன் அடிக்கடி நின்ற 'ஸ' என்னும் எழுத்து, 'இன்னாருடைய' என்று பொருள்படும் வேற்றுமையுருபு. ஏனைய எழுத்துக்களும் விரைவிலே புலனாயின.

அடுத்து, டில்லித் தூணிலே 'தேவானம்பிய பியதசி' என்னும் அரசன் வெளிப்பட்டான். 'தேவர்க்குப் பிரியன்' எனப் பொருள் விளங்கியது, ஆள் விளங்கவில்லை. இந்திய அரசர் வரிசையில் அப்பெயர் காணாமையால், நம் தேவநம்பிய தீசனே அவன் எனப் பிரின்செப் முதலிற் கருதினார். பெயரொப்புமை செய்த மயக்கம் அது! இலங்கையில் அரச சேவையிலிருந்த ஜோர்ஜ் டேர்னர், தீபவமிசத்தை ஆராய்ந்து, பியதசி சந்திரகுப்தனின் பேரனாகிய அசோகனே என அவ்வாண்டிலேயே காட்டினார். இந்தியக் கல்லின் புதிரை நம் நாட்டுப் பாளிநூல் அவிழ்த்தது.

1915இல் மஸ்கியிற் கிடைத்த சாசனத்திலே அசோகன் பெயர் வெளிப்படையாகவே பொறிக்கப்பட்டிருந்தது. பிரின்செப் 1840இலேயே மறைந்துவிட்டார்.